ஒளி எழுதும் எழுத்து: லேசர் அச்சின் வரலாறு

எழுத்து தோன்றிய நாள் முதலாக அதனைத் தாங்கும் பொருளும் அதனைப் பதிக்கும் கருவியும் மாறிக்கொண்டே வந்துள்ளன. கல்லில் உளி, ஓலையில் எழுத்தாணி, தாளில் மை, பின்னர் ஈய அச்செழுத்து என நீளும் இவ்வரிசையில் ஒவ்வொரு கருவியும் எழுதப்படும் பொருளைத் தொட்டே எழுதியது. தொடாமல் எழுதும் கருவி இருபதாம் நூற்றாண்டில்தான் பிறந்தது. அதற்கு எழுதுகோல் ஒளி. மையோ உலர்ந்த தூள். இன்று அலுவலகங்களிலும் படியெடுக்கும் கடைகளிலும் இயங்கும் லேசர் அச்சுப்பொறிக்குப் பின்னால் அரை நூற்றாண்டு உழைப்பும், அடுத்தடுத்து மூடப்பட்ட கதவுகளும் உள்ளன. அவ்வரலாற்றின் வித்து ஒரு சிற்றிதழில் இருந்தது என்பது இலக்கிய அன்பர்கள் அறிந்து மகிழத்தக்க செய்தியாகும்.

சிற்றிதழ் நடத்திய சிறுவன்

செஸ்டர் கார்ல்சன் 1906ஆம் ஆண்டு அமெரிக்காவின் சியாட்டில் நகரில் பிறந்தார். தந்தை நோயால் முடங்கியவர். தாயையும் காசநோய் இளமையிலேயே பறித்துக்கொண்டது. படிக்கும் காலத்திலேயே குடும்பத்தைத் தாங்க வேண்டியவரான கார்ல்சன், ஓர் அச்சகத்தில் வேலை பார்த்தார். அதன்வழிப் பழைய அச்சுப்பொறி ஒன்று அவர் கைக்கு வந்தது. வேதியியலில் ஆர்வம் கொண்ட மாணவர்களுக்காகச் சிறிய இதழ் ஒன்றைத் தாமே எழுத்துக் கோத்து வெளியிட முனைந்தார். இதழ் நெடுநாள் நிலைக்கவில்லை. சொற்களைத் தாளில் ஏற்றுவது எத்துணைக் கடினம் என்னும் பாடம் மட்டும் நெஞ்சில் நிலைத்தது.

1930இல் இயற்பியல் பட்டம் பெற்று வெளிவந்தபோது பொருளாதாரப் பெருமந்தம் நாட்டைச் சூழ்ந்திருந்தது. நியூயார்க் நகரில் ஒரு மின்கருவி நிறுவனத்தின் காப்புரிமைப் பிரிவில் அவருக்கு வேலை கிடைத்தது. காப்புரிமை ஆவணங்களுக்குப் படிகள் போதவில்லை. கையால் எழுதவோ தட்டச்சு செய்யவோ புகைப்படம் எடுக்கவோ வேண்டியிருந்தது. கிட்டப்பார்வையும் மூட்டுவலியும் உடைய அவருக்கு அப்பணி பெருந்துன்பமாயிற்று. நூலகத்தில் தேடிப் படித்து, ஒளி பட்டால் மின்கடத்தும் தன்மை பெறும் பொருள்களைக் கொண்டு படியெடுக்கலாம் எனக் கண்டார். வீட்டுச் சமையலறையே அவரது முதல் ஆய்வுக்கூடம்.

1938 அக்டோபர் 22 அன்று, நியூயார்க்கின் அஸ்டோரியா பகுதியில் வாடகைக்கு எடுத்த சிற்றறையில், ஆஸ்திரிய நாட்டிலிருந்து வந்த இயற்பியலாளர் ஓட்டோ கோர்னை என்பவரின் துணையுடன் அச்சோதனை வெற்றி பெற்றது. கந்தகம் பூசிய துத்தநாகத் தகட்டைக் கைக்குட்டையால் தேய்த்து மின்னூட்டம் ஏற்றினர். அன்றைய நாளையும் அஸ்டோரியா என்னும் ஊர்ப்பெயரையும் கண்ணாடித் துண்டில் மையால் எழுதித் தகட்டின்மேல் வைத்து, விளக்கொளியைச் சில நொடிகள் பாய்ச்சினர். ஒளி பட்ட இடமெல்லாம் மின்னூட்டம் கலைந்தது. எழுத்தின் நிழல் விழுந்த இடத்தில் மட்டும் எஞ்சியது. நுண்ணிய தூளைத் தூவி ஊதியபோது எழுத்துகள் தகட்டில் நின்றன. அவற்றை மெழுகுத்தாளில் ஒற்றி எடுத்தனர்.

வென்றது சோதனை, வாயில் திறக்கவில்லை. 1942இல் காப்புரிமை கிடைத்தது. ஆனால் ஐபிஎம், ஜெனரல் எலக்ட்ரிக் உள்ளிட்ட இருபதுக்கும் மேற்பட்ட நிறுவனங்கள் இதனை ஏற்க மறுத்தன. 1944இல் ஒகையோ மாநிலத்தின் பேட்டல் ஆய்வு நிறுவனம் கைகொடுத்தது. பின்னர் ராச்செஸ்டர் நகரில் புகைப்படத்தாள் செய்துவந்த ஹேலாய்டு என்னும் சிறு நிறுவனம் துணிந்து முதலீடு செய்தது. கிரேக்கச் சொற்களைக் கொண்டு உலர் எழுத்து எனப் பொருள்படும் ஜெரோகிராபி என்ற பெயர் இம்முறைக்குச் சூட்டப்பட்டது. 1959இல் வெளிவந்த 914 என்னும் நகற்பொறி ஏறத்தாழ 300 கிலோ எடையுள்ளது. நிமிடத்திற்கு ஏழு படிகள் எடுத்தது. ஹேலாய்டு நிறுவனம் ஜெராக்ஸ் எனப் பெயர் மாற்றிக்கொண்டு உலகப் புகழ் எய்தியது. தாம் ஈட்டிய செல்வத்தின் பெரும்பகுதியை அறப்பணிகளுக்கு ஈந்து, 1968இல் கார்ல்சன் மறைந்தார்.

படியெடுப்பதிலிருந்து படைப்பதற்கு

நகற்பொறிக்கு ஒரு மூலம் வேண்டும். மூலமே இல்லாமல் கணிப்பொறியே நேராக எழுதினால் என்ன என்ற வினாவை 1967இல் எழுப்பியவர், ஜெராக்ஸ் நிறுவனத்தின் ஒளியியல் பொறியாளர் கேரி ஸ்டார்க்வெதர். விளக்கின் இடத்தில் லேசர் கதிரை வைக்கலாம் என்பது அவர் எண்ணம். லேசர் அன்று அரிய, விலை மிகுந்த பொருள். மேலாளர் அம்முயற்சியைக் கைவிடச் சொன்னார். ஸ்டார்க்வெதர் விடவில்லை, மறைவாகவே தொடர்ந்தார். இறுதியில், 1971இல் கலிபோர்னியாவின் பாலோ ஆல்டோவில் அந்நிறுவனம் புதிதாகத் தொடங்கியிருந்த ஆய்வு மையத்திற்கு மாறிச் சென்றார். ஒரு நகற்பொறியை மாற்றியமைத்து, அவ்வாண்டு முடிவதற்குள் இயங்கும் கருவியை நிறுவிக் காட்டினார்.

அதன் செயல்முறை வருமாறு. ஒளிபட்டால் மின்கடத்தும் பூச்சுடைய உருளை ஒன்று சுழல்கிறது. முதலில் அதன் மேற்பரப்பு முழுவதும் மின்னூட்டம் ஏற்றப்படும். கணிப்பொறியின் ஆணைப்படி நொடிக்குப் பல இலட்சம் முறை எரிந்தணையும் லேசர் கதிர், விரைந்து சுழலும் பன்முக ஆடியில் பட்டுத் தெறித்து, உருளையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஓடும். ஆடியின் ஒவ்வொரு முகமும் ஒரு வரியை வரையும். முகங்களில் ஒன்று மயிரிழை சாய்ந்தாலும் வரிகள் கோணும். உருளை வடிவ வில்லை ஒன்றை இடையில் வைத்து அக்குறையை ஸ்டார்க்வெதர் தீர்த்தார். கண்ணுக்குத் தெரியாத அம்மின்னுருவத்தில் மைத்தூள் ஒட்டிக்கொள்ளும்; தாள் உருளையைத் தழுவிச் செல்கையில் தூள் தாளுக்கு மாறும்; சூடான உருளைகள் அதனை உருக்கித் தாளோடு பிணைக்கும். எஞ்சிய தூள் துடைக்கப்பட்டு உருளை அடுத்த பக்கத்திற்கு ஆயத்தமாகும்.

இங்கு ஒரு நுட்பம் எண்ணத்தக்கது. கார்ல்சன் முறையில் ஒளி வெண்மையை எழுதியது. எழுத்து நிழலில் நின்றது. பின்னாளில் பரவிய பெரும்பாலான லேசர் அச்சுப்பொறிகளிலோ ஒளி பட்ட இடமே எழுத்தாகிறது.

ஐபிஎம் நிறுவனம் 1976இலும் ஜெராக்ஸ் 1977இலும் பெரும் லேசர் அச்சுப்பொறிகளை நிறுவின. ஜெராக்ஸ் 9700 நிமிடத்திற்கு 120 பக்கங்கள் அச்சிட்டது. ஆயினும் பெருநிறுவனங்கள் மட்டுமே அதனை வாங்க முடிந்தது. ஜப்பானின் கேனன் நிறுவனம் 1979இல் சிறிய குறைகடத்தி லேசரைப் பயன்படுத்தியபோதுதான் கருவி மேசைமேல் அமரும் வழி பிறந்தது. கேனனின் பொறியைக் கொண்டு ஹியூலட் பேக்கார்டு 1984இல் லேசர்ஜெட்டையும், ஆப்பிள் 1985இல் லேசர்ரைட்டரையும் வெளியிட்டன.

லேசருக்குப் பதிலாக, தாளின் அகலத்திற்கு ஆயிரக்கணக்கான நுண்ணிய எல்.ஈ.டி. விளக்குகளை வரிசையாக அடுக்கும் முறையும் வளர்ந்தது. அங்குலத்திற்கு 300 புள்ளிகள் எனில் எட்டரை அங்குலத் தாளுக்கு 2,550 விளக்குகள் வேண்டும். ஒவ்வொரு புள்ளிக்கும் தனி விளக்கு இருப்பதால் சுழலும் ஆடி தேவையில்லை. மற்றைய படிகள் யாவும் ஒன்றே.

எழுத்து விடுதலை

ஒரு முழுப் பக்கத்திற்கு, அங்குலத்திற்கு 300 புள்ளிகள் என்ற அளவில், 84 இலட்சம் புள்ளிகள் வேண்டும். இவற்றை நிரப்பும் மொழியாக, 1982இல் ஜான் வார்னாக், சார்லஸ் கெஷ்கி இருவரும் நிறுவிய அடோபி நிறுவனம் போஸ்ட்ஸ்கிரிப்டை உருவாக்கியது. எழுத்தின் வடிவத்தை வளைகோடுகளாகச் சொன்னால், வேண்டிய அளவில் அச்சுப்பொறியே புள்ளிகளாக்கிக்கொள்ளும். இதன் பயன் தமிழுக்கு மிகப் பெரிது. ஈய அச்சில் உயிர்மெய் வரிசைகளுக்கெனப் பெட்டி பெட்டியாக எழுத்துகள் வார்த்து வைக்க வேண்டும். புள்ளிகளால் எழுதும் பொறிக்கோ உரோமன் எழுத்தும் தமிழெழுத்தும் ஒன்றே. ஒளியச்சு என்னும் சொல் தமிழ் நூல்களின் முகப்புப் பக்கங்களில் இடம்பெறத் தொடங்கியது. லேசர் பொறியில் எடுத்த பக்கமே மறுதோன்றி அச்சுக்கு மூலமாயிற்று. சில நூறு படிகளே போகும் கவிதைத் தொகுப்பும் சிற்றிதழும் பிழிந்தெடுக்கும் செலவின்றி வெளிவரலாயின.

இவ்வளர்ச்சிக்கு விலையும் உண்டு. எழுத்துகளைத் தலைகீழாகப் படித்தே பிழை கண்ட அச்சுக்கோப்பாளர் பலர் தம் தொழிலை இழந்தனர். அவர்தம் விரல்கள் அறிந்திருந்த இடைவெளியின் அழகைக் கணிப்பொறி பின்னரே மெல்லக் கற்றது.

ஸ்டார்க்வெதர் 2019 டிசம்பரில் மறைந்தார். மறுத்த நிறுவனங்களுக்கும் தடுத்த மேலாளருக்கும் கணக்குத் தெரிந்திருந்தது, அக்கணக்கில் பிழையுமில்லை. லேசரின் விலை உண்மையிலேயே உயர்வு. படிகளுக்குத் தேவை அன்று உண்மையிலேயே குறைவு. ஆனால் எளிதில் எழுத முடிந்தால் எத்தனை பேர் எழுத வருவர் என்பது எந்தக் கணக்கிலும் அடங்கவில்லை. அதனைத் தன் கையால் எழுத்துக் கோத்துத் தோற்ற சிறுவன் அறிந்திருந்தான்.