மோட்டார் மின்னோட்டத்தை அளக்கும் சில்லுகள்: அளவிடும் இடம் மாறிய வரலாறு

மின்மோட்டாரின் தண்டைச் சுழற்றும் முறுக்குவிசை, அதன் சுருளில் ஓடும் மின்னோட்டத்தைப் பொறுத்தே அமைகிறது. நிலைக்காந்தம் கொண்ட நேர்மின்னோட்ட மோட்டாரில் இவ்விரண்டும் நேர்விகிதத்தில் இருப்பதால், எத்தனை ஆம்பியர் ஓடுகிறது என்று தெரிந்தால் தண்டின் மேல் எவ்வளவு சுமை இருக்கிறது என்பதும் தெரிந்துவிடுகிறது. சுருள் கருகாமல் காப்பதற்கும், தண்டை அதிர்வின்றிச் சுழற்றுவதற்கும், வேண்டிய இடத்தில் சட்டென நிறுத்துவதற்கும் மின்னோட்டத்தையே அளந்து அடக்க வேண்டியிருக்கிறது. இந்த அளவீட்டைச் செய்யும் தொகுப்புச்சுற்றுகளின் வளர்ச்சியை, அளவீடு மோட்டார் சுற்றின் எந்தப் புள்ளியில் நடந்தது என்ற கேள்வியைக் கொண்டு தொடர்ந்தால், அது தெளிவான ஒரு பாதையாகத் தெரிகிறது. தரைமுனையில் வைத்த ஒரு தடையில் தொடங்கிய அளவீடு, பின்னர் மோட்டாருக்குச் செல்லும் கம்பிக்கும், இறுதியில் டிரான்சிஸ்டரின் உள்ளேயும் இடம்பெயர்ந்தது. முந்தைய இடத்தில் தீர்க்க முடியாத ஒரு தொல்லையே ஒவ்வொரு முறையும் அதை நகர்த்தியது என்பது இக்கட்டுரையின் வாதம்.

அளப்பதற்கான இரு வழிகளும் 19ஆம் நூற்றாண்டிலேயே கிடைத்துவிட்டன. முதலாவது, ஜார்ஜ் ஓம் 1827இல் வெளியிட்ட விதியின் நேரடிப் பயன்: மின்னோட்டத்தின் வழியில் ஷண்ட் எனப்படும் சிறிய தடையை வைத்து, அதன் இரு முனைகளுக்கு இடையே எழும் மின்னழுத்தத்தைப் படிப்பது. தடை சூடேறினால் அதன் மதிப்பு மாறி அளவீடு பிழைபடும் என்ற குறையை, எட்வர்ட் வெஸ்டன் 1892இல் உருவாக்கிய மாங்கனின் என்னும் செம்பு, மாங்கனீசு, நிக்கல் கலவை பெருமளவு போக்கியது. இரண்டாவது வழியை, ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவராக இருந்த எட்வின் ஹால் 1879இல் கண்டறிந்தார். மின்னோட்டம் செல்லும் மெல்லிய தங்கத் தகட்டைக் காந்தப் புலத்தில் வைத்தபோது, தகட்டின் குறுக்கே ஒரு சிறு மின்னழுத்தம் எழுந்தது. கம்பியைச் சுற்றிலும் காந்தப் புலம் இருப்பதால், கம்பியைத் தொடாமலேயே அதில் ஓடும் மின்னோட்டத்தை அளக்க இந்த விளைவு வழி திறந்தது. ஆனால் உலோகத்தில் எழும் ஹால் மின்னழுத்தம் மிக மிகச் சிறியது. 1950களில் சீமென்ஸ் நிறுவனத்தில் ஹைன்ரிக் வெல்கர் ஆராய்ந்த இண்டியம் ஆர்சனைடு போன்ற குறைகடத்திச் சேர்மங்கள் வந்த பிறகே ஹால் விளைவு நடைமுறைக் கருவியாயிற்று.

அளவீட்டையும் கட்டுப்பாட்டையும் ஒரே சில்லில் சேர்க்க வேண்டும் என்ற நெருக்கடி ஆலைகளின் பெரிய மோட்டார்களிலிருந்து எழவில்லை. அலுவலக மேசைகளில் இருந்த அச்சுப்பொறிகளிலும் ஃபிளாப்பி வட்டு இயக்கிகளிலும் பொருத்தப்பட்ட சிறிய ஸ்டெப்பர் மோட்டார்களிலிருந்தே அது எழுந்தது. சுருள்களுக்கு முறைவைத்து மின்சாரம் கொடுக்கும்போது குறிப்பிட்ட கோணம் மட்டும் நகர்ந்து நிற்பது ஸ்டெப்பர் மோட்டாரின் இயல்பு. வேகம் கூடும்போது அதற்கு ஒரு தடை குறுக்கிடுகிறது: சுருளின் மின்தூண்டல் மின்னோட்டத்தை உடனே ஏறவிடுவதில்லை. 2.5 ஓம் தடையும் 5 மில்லிஹென்றி மின்தூண்டலும் உள்ள ஒரு சுருளை எடுத்துக்கொண்டால், 5 வோல்ட்டில் அது 2 ஆம்பியர் வரை செல்லும். ஆனால் அதில் மூன்றில் இரு பங்கை எட்டுவதற்கே ஏறத்தாழ 2 மில்லிவினாடி பிடிக்கும். அதற்குள் அடுத்த படிக்கான கட்டளை வந்துவிட்டால் மோட்டார் தடுமாறும். 40 வோல்ட் கொடுத்தால் கால் மில்லிவினாடி அளவிலேயே 2 ஆம்பியர் வந்துவிடும் என்றாலும், அங்கே நிறுத்தாவிட்டால் மின்னோட்டம் 16 ஆம்பியரை நோக்கி ஏறிச் சுருளை எரித்துவிடும். பழைய தீர்வு, வெளியே 17.5 ஓம் தடை ஒன்றைத் தொடராக இணைத்து மொத்தத் தடையை 20 ஓம் ஆக்குவது. அப்போது சுருளில் 10 வாட் செலவாக, வெளித்தடையில் 70 வாட் வெறும் வெப்பமாகும். அச்சுப்பொறியின் பெட்டிக்குள் அந்த வெப்பத்துக்கு இடமில்லை.

வெட்டி ஊட்டும் முறை இங்கேதான் தேவைப்பட்டது. உயர் மின்னழுத்தத்தைச் சுருளுக்குக் கொடுத்து, மின்னோட்டம் வேண்டிய அளவைத் தொட்டவுடன் டிரான்சிஸ்டரை அணைத்து, சற்றே இறங்கியதும் மீண்டும் திறப்பது இம்முறை. வெளித்தடையின் வெப்பம் ஒழிந்தது. ஆனால் மின்னோட்டத்தை நொடிக்குப் பல ஆயிரம் முறை அளந்தாக வேண்டும் என்ற புதிய கடமை வந்து சேர்ந்தது. இத்தாலியின் எஸ்ஜிஎஸ் நிறுவனம் 1980களில் விற்ற எல்297, எல்298 என்ற இணை இந்தக் கடமையை இரண்டாகப் பகிர்ந்துகொண்டது. எல்298இல் இரண்டு எச்-பிரிட்ஜ்கள் இருந்தன. நான்கு டிரான்சிஸ்டர்களை எச் எழுத்தின் வடிவில் அடுக்கி, குறுக்குக்கோட்டின் இடத்தில் சுருளை வைப்பது எச்-பிரிட்ஜ். எதிரெதிர் மூலைகளில் உள்ள டிரான்சிஸ்டர்களை மாற்றி மாற்றித் திறந்தால் சுருளில் மின்னோட்டத்தின் திசை மாறும். ஒவ்வொரு பிரிட்ஜின் அடிமுனையும் சில்லுக்குள் தரையோடு இணைக்கப்படாமல் தனி முனையாக வெளியே விடப்பட்டது. அந்த முனைக்கும் தரைக்கும் இடையே பொறியாளர் அரை ஓம் போன்ற தடையைப் பற்றவைப்பார். 2 ஆம்பியர் ஓடும்போது அங்கே 1 வோல்ட் எழும். எல்297 அந்த மின்னழுத்தத்தைக் குறிப்பு மின்னழுத்தத்தோடு ஒப்பிட்டு, இரண்டும் சமமானதும் பிரிட்ஜை அணைத்துவிடும்; அதன் அலையியற்றியின் அடுத்த துடிப்பு பிரிட்ஜை மறுபடி திறக்கும். ஸ்வீடனின் ரீஃபா நிறுவனத்திலிருந்து வந்த பிபிஎல்3717 என்ற சில்லு வேறு வழியில் சென்றது: அலையியற்றி இன்றி, அணைத்த பிறகு ஒரு நிலையான கால அளவு காத்திருந்து தானே திறந்துகொண்டது. நிலையான அதிர்வெண், நிலையான அணைநேரம் என்ற இவ்விரு மரபுகளும் இன்றைய சில்லுகளிலும் தொடர்கின்றன.

இவ்விரு மரபுகளுக்கும் பொதுவான ஒரு தொல்லை இருந்தது. டிரான்சிஸ்டர் திறக்கும் கணத்தில், அதுவரை மின்னோட்டத்தைச் சுமந்துகொண்டிருந்த டையோடு உடனே மூடாமல் எதிர்த்திசையில் கணநேரம் கடத்துவதாலும், சுருளின் கம்பிகளுக்கு இடையிலுள்ள மின்தேக்கத்தன்மையாலும், அடிமுனையில் வைத்த உணர்தடையில் கூர்மையான ஒரு மின்னழுத்த முள் எழுகிறது. அதை உண்மையான மின்னோட்டம் என்று ஒப்பீட்டுச் சுற்று நம்பினால், மோட்டாருக்கு ஒன்றும் கிடைக்காமலேயே பிரிட்ஜ் அணைந்துவிடும். தொடக்கத்தில் இம்முள்ளைத் தடையும் மின்தேக்கியும் கொண்ட வெளிவடிகட்டியால் மழுக்கினார்கள். பின்வந்த சில்லுகள், திறந்த பின் ஏறத்தாழ ஒரு மைக்ரோவினாடிக்கு ஒப்பீட்டின் முடிவையே பொருட்படுத்தாத குருட்டு நேரத்தை உள்ளே அமைத்துக்கொண்டன. எப்போது அளக்கக்கூடாது என்பதை அறிவதும் அளவீட்டுக் கலையின் பகுதியாயிற்று.

எல்298இன் பெரிய குறை அதன் இருமுனை டிரான்சிஸ்டர்கள். 2 ஆம்பியரில் பிரிட்ஜுக்குள்ளேயே 4.9 வோல்ட் வரை வீணாகலாம் என்று அதன் தரவுத்தாளே கூறியது. அதே எஸ்ஜிஎஸ் நிறுவனத்தில் புரூனோ முராரியின் குழு 1980களின் நடுப்பகுதியில் உருவாக்கிய பிசிடி தொழில்நுட்பம் இதற்கு விடையளித்தது. துல்லியமான அனலாக் வேலைக்கு இருமுனை டிரான்சிஸ்டர், தருக்கத்துக்கு சீமாஸ், திறனைத் தாங்க டிமாஸ் என்ற மூன்றையும் ஒரே சிலிக்கான் துண்டில் வளர்ப்பதே அது. இம்முறையில் 1985இல் வந்த முதல் சில்லான எல்6202 ஒரு மோட்டார் பிரிட்ஜே என்பது தற்செயல் அன்று. 60 வோல்ட்டும் உச்சத்தில் 5 ஆம்பியரும் தாங்கி, 300 கிலோஹெர்ட்ஸ் வரை வெட்டிய அச்சில்லில் ஒவ்வொரு டிரான்சிஸ்டரின் தடையும் ஏறத்தாழ 0.3 ஓம்தான், எனவே 2 ஆம்பியரில் பிரிட்ஜின் மொத்த இழப்பு 1.2 வோல்ட்டுக்கு இறங்கியது. ஐஇஇஇ அமைப்பு இதைத் தொழில்நுட்ப மைல்கல்லாக ஏற்றது முற்றிலும் தகும். ஆயினும் மின்னோட்டம் அளக்கப்பட்ட இடம் மட்டும் மாறவில்லை. எல்6202இலும் அடிமுனையில் வெளித்தடைதான் இருந்தது.

அந்த இடத்துக்கு இயல்பிலேயே ஒரு குருட்டுப் பக்கம் உண்டு. பிரிட்ஜை வெட்டும்போது சுருளின் மின்னோட்டம் நின்றுவிடுவதில்லை. ஒரே பக்கத்திலுள்ள டிரான்சிஸ்டரும் டையோடும் சேர்ந்த வளையத்தில் அது சுற்றிக்கொண்டிருக்கிறது. அந்த வளையம் உணர்தடையைத் தொடுவதே இல்லை. உச்ச அளவை மட்டும் அடக்கினால் போதும் என்ற ஸ்டெப்பர் மோட்டாருக்கு இது தாங்கக்கூடிய குறை. மூன்று கட்ட மோட்டார்களுக்கு அப்படியில்லை. டார்ம்ஷ்டாட்டில் கே. ஹாசே 1960களின் இறுதியிலும், சீமென்ஸில் ஃபீலிக்ஸ் பிளாஷ்கே 1970களின் தொடக்கத்திலும் வகுத்த புலத்திசைக் கட்டுப்பாட்டு முறை, மாறுமின்னோட்ட மோட்டாரின் மின்னோட்டத்தைக் காந்தப் புலத்தை உண்டாக்கும் கூறாகவும் முறுக்குவிசையை உண்டாக்கும் கூறாகவும் கணக்கில் பிரித்து, இரண்டையும் தனித்தனியே ஆண்டது. இக்கணக்குக்குக் கட்டங்களின் மின்னோட்டம் ஒவ்வொரு சுழற்சியிலும் இடைவிடாது தெரிந்தாக வேண்டும். மூன்றும் கூடிச் சுழியாவதால் இரண்டை அளந்தால் போதும் என்பது ஒரு சலுகை. டி. சி. கிரீன், பி. டபிள்யூ. வில்லியம்ஸ் இருவரும் 1989இல் இன்னும் சிக்கனமான வழியைக் காட்டினர்: மோட்டாருக்கு மின்னழுத்தம் கொடுக்கும் ஒவ்வொரு திறப்பு நிலையிலும் அடிமுனையில் ஓடுவது ஏதோ ஒரு கட்டத்தின் மின்னோட்டமே என்பதால், ஒரே ஒரு தடையைக் கொண்டே மூன்றையும் மீட்டெடுக்கலாம். விலை குறைந்த வீட்டுச் சாதனங்களுக்கு இது ஏற்றது. ஆனால் திறப்பு நிலை மிகக் குறுகியதாக ஆகும்போது அளக்க நேரம் கிடைக்காமல் போகிறது.

எனவே அளவீடு மோட்டாரின் கம்பிக்கே செல்ல வேண்டியதாயிற்று. அங்கே மின்னோட்டம் மறையாமல் ஓடுகிறது. ஆனால் கம்பியே தரைக்கும் 48 வோல்ட்டுக்கும் இடையே நானோவினாடிக் கணக்கில் தாவிக்கொண்டிருக்கிறது. தடையில் எழும் 50 மில்லிவோல்ட்டை இந்தத் தாவலின் நடுவே படிக்க வேண்டும். இரு முனைகளிலும் பொதுவாக உள்ள மின்னழுத்தத்தை, அளக்கும் பெருக்கிச் சுற்று பத்தாயிரத்தில் ஒரு பங்காகக் குறைத்தாலும், எஞ்சும் 4.8 மில்லிவோல்ட் அளவீட்டை ஏறத்தாழ 10 விழுக்காடு பிறழச் செய்துவிடும். இன்டர்நேஷனல் ரெக்டிஃபையரின் ஐஆர்2175 இச்சிக்கலைச் சுற்றிக் கடந்தது: சில்லின் அளக்கும் பகுதியையே கம்பியோடு மிதக்கவிட்டு, அளவைத் துடிப்பின் அகலமாக மாற்றித் தரைப்பக்கத்துக்கு அனுப்பியது. டெக்சாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸின் ஐஎன்ஏ240 அதை நேரடியாக எதிர்கொண்டது. 50 கிலோஹெர்ட்ஸிலும் 93 டெசிபெல், அதாவது ஏறத்தாழ 45,000இல் ஒரு பங்கு வரை பொது மின்னழுத்தத்தை நீக்கும் அந்தப் பெருக்கியில், அதே 48 வோல்ட் உண்டாக்கும் பிழை ஒரு மில்லிவோல்ட் அளவுக்குச் சுருங்கியது.

ஹால் விளைவும் இதே கம்பியை வந்தடைந்தது. 1972இல் ஜெனீவாவில் தொடங்கப்பட்ட லெம் நிறுவனத்தின் மூடிய வளைய உணரிகளில், கம்பி உண்டாக்கும் காந்தப் புலத்தை இரண்டாவது சுருள் எதிர்த்துச் சமன்செய்கிறது. அச்சுருளுக்குத் தேவைப்படும் மின்னோட்டமே அளவாகிறது. இவை துல்லியமானவை, ஆனால் பருத்தவை. ஹால் தகட்டைச் சிலிக்கான் சில்லுக்குள் வைப்பதற்கு, உறையின் அழுத்தத்தால் புலமே இல்லாதபோதும் எழும் பொய் மின்னழுத்தம் பெரும் தடையாக இருந்தது. தகட்டில் செலுத்தும் மின்னோட்டத்தின் திசையை 90 பாகை மாற்றி மாற்றிச் சுழற்றினால், பொய் மின்னழுத்தம் குறி மாறி நீங்கிவிடும், ஹால் மின்னழுத்தம் எஞ்சும் என்பது 1990 அளவில் நெதர்லாந்தின் டெல்ஃப்ட்டில் நடந்த ஆய்வில் வலுவாக நிறுவப்பட்டது. இன்று பொறியியல் கல்லூரி ஆய்வகங்களில் சாதாரணமாகக் காணப்படும் அலெக்ரோ நிறுவனத்தின் ஏசிஎஸ்712, எட்டுக் கால்கள் கொண்ட சிறு உறைக்குள் 1.2 மில்லிஓம் தடையுள்ள செம்புப் பாதையையும் ஹால் தகட்டையும் அருகருகே வைக்கிறது. மின்னோட்டம் இல்லாதபோது 2.5 வோல்ட் காட்டி, 20 ஆம்பியர் வகையில் ஆம்பியருக்கு 100 மில்லிவோல்ட் வீதம் அது நகர்கிறது. 2.1 கிலோவோல்ட் வரை மின்காப்பும் தருவதால், தாவும் கம்பியின் தொல்லை அளக்கும் பக்கத்தை எட்டுவதில்லை. அதன் குறை சிறிய மின்னோட்டங்களில் தெரிகிறது. அங்கே இரைச்சல் குறிகையை விழுங்கிவிடுகிறது.

இரண்டாவது இடப்பெயர்வு டிரான்சிஸ்டருக்கு உள்ளேயே நடந்தது. டிமாஸ் டிரான்சிஸ்டர் என்பது இணையாக இணைக்கப்பட்ட ஆயிரக்கணக்கான ஒத்த நுண்கலங்களின் தொகுதி. அவற்றில் சிலவற்றின் முனையை மட்டும் தனியே வெளியே எடுத்தால், மொத்த மின்னோட்டத்தின் சிறு பங்கு அதில் ஓடும். எல்லாக் கலங்களும் ஒரே சிலிக்கானில் ஒரே வெப்பநிலையில் இருப்பதால் இவ்விகிதம் பெருமளவு நிலைத்திருக்கும். மோட்டரோலா 1980களிலேயே சென்ஸ்ஃபெட் என்ற பெயரில் இவ்வகை டிரான்சிஸ்டர்களை விற்றது. டெக்சாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸின் டிஆர்வி8876 இக்கருத்தை முழுப் பிரிட்ஜாக வளர்த்தது. அதன் கீழ்ப்பக்க டிரான்சிஸ்டர்களில் ஓடும் ஒவ்வொரு ஆம்பியருக்கும் ஒரு மில்லிஆம்பியர் தனி முனையில் வெளிவருகிறது. வெட்டும் நேரத்தில் மின்னோட்டம் கீழ்ப்பக்க வளையத்திலேயே சுற்றுவதால் அப்போதும் அளவீடு தொடர்கிறது. அடிமுனைத் தடையின் குருட்டுப் பக்கம் இவ்வாறு நீங்கியது. 2 வாட் எரித்த அந்தத் தடையும் தேவையற்றதாயிற்று. விகிதத்தின் துல்லியம் நல்ல ஷண்ட்டின் துல்லியத்தை எட்டாததால், நுண்ணிய முறுக்குவிசை வேண்டும் இயந்திரக் கைகளில் ஷண்ட் இன்னும் நீடிக்கிறது. அது நியாயமான தேர்வே.

இதற்கிடையே ஸ்டெப்பர் மோட்டார் வேறொரு வாயில் வழியே பொதுமக்களிடம் திரும்பியது. பாத் பல்கலைக்கழகத்தின் ஏட்ரியன் போயர் 2005இல் தொடங்கிய ரெப்ராப் திட்டத்திலிருந்து பெருகிய முப்பரிமாண அச்சுப்பொறிகளில் அலெக்ரோவின் ஏ4988 பரவலாகப் பொருத்தப்பட்டது. ஒரு முழுப் படியைப் பதினாறாகப் பிரித்து, இரு சுருள்களின் உச்ச மின்னோட்டத்தையும் சைன் வளைவின் புள்ளிகளுக்கேற்ப அது மாற்றுகிறது. உணர்தடை 0.05 ஓம் எனில், பலகையில் உள்ள சிறு திருகைத் திருப்பிக் குறிப்பு மின்னழுத்தத்தை 0.4 வோல்ட்டில் நிறுத்தினால், சில்லு அதை எட்டால் வகுத்து 50 மில்லிவோல்ட்டாக ஒப்பிட்டு, மின்னோட்டத்தை 1 ஆம்பியரில் அடக்குகிறது. முன்பு அரை ஓம் கேட்ட அளவீடு இங்கே அதில் பத்தில் ஒரு பங்கோடு நிறைவு கொள்கிறது.

ஹாம்பர்க்கின் டிரினாமிக் நிறுவனம் இதே அளவீட்டிலிருந்து மோட்டாரின் சுமையையே படித்தறிந்தது. சுழலும் காந்தம் சுருளில் தூண்டும் எதிர் மின்னழுத்தம், சுமை கூடும்போது சுருள் மின்னோட்டத்தோடு கொண்ட கோண உறவை மாற்றுகிறது. இம்மாற்றத்தைக் கண்காணிக்கும் அந்நிறுவனத்தின் டிஎம்சி2130 சில்லு, தண்டு எதிலாவது முட்டி நின்றதை உணர்ந்துகொள்கிறது. 2017இல் வெளிவந்த புரூசா எம்கே3 அச்சுப்பொறியில், அச்சுமுனை சட்டத்தின் ஓரத்தை அடைந்ததை அறிய இரு அச்சுகளில் அதுவரை வைத்திருந்த தொடு சுவிட்சுகள் எடுக்கப்பட்டன. ஓரத்தில் மோதும் கணத்தைச் சுருளின் மின்னோட்டத்திலிருந்தே சில்லு கண்டுகொள்வதோடு, அச்சிடுவதன் நடுவே படி தவறினாலும் பொறி நின்று தன் இருப்பிடத்தை மீண்டும் சரிபார்த்துக்கொள்கிறது.