கொள்ளைநோயும் கூலியாணையும்

கொள்ளைநோய் என்றவுடன் நம் நினைவுக்கு வருவன மருத்துவமனையும் இடுகாடுமே. வயல் நினைவுக்கு வருவதில்லை. ஆயினும், ஊரில் நோய் பரவுகிறதென்று கதிர் முற்றாமல் நின்றுவிடுவதில்லை. முற்றிய கதிரை அறுக்க ஆள் வேண்டும். அடித்துத் தூற்ற ஆள் வேண்டும். சந்தைக்கு ஏற்றிச் செல்ல வண்டி வேண்டும். அந்த ஆள் நோயால் மாண்டாலும், நோய்க்கு அஞ்சி வீட்டினுள் அடைந்து கிடந்தாலும் வயலுக்கு இரண்டும் ஒன்றே. இத்தகைய நெருக்கடியில் உழவையும் உணவையும் காக்க அரசுகள் என்ன செய்தன? ஏறத்தாழ 670 ஆண்டு இடைவெளியில் நிகழ்ந்த இரு முயற்சிகளை ஈண்டுக் காண்போம். ஒன்று, 1349ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் நிகழ்ந்தது. மற்றொன்று, 2020ஆம் ஆண்டில் நம் நாட்டில் நிகழ்ந்தது.

1348ஆம் ஆண்டுக் கோடையில், இங்கிலாந்தின் தென்கரையிலுள்ள சிறு துறைமுகம் ஒன்றின் வழியாகப் பெருங்கொள்ளைநோய் அந்நாட்டினுள் புகுந்தது. கறுப்புச் சாவு என்று வரலாற்றில் பெயர் பெற்ற நோய் இதுவே. இரண்டாண்டுகளுக்குள் அந்நாட்டு மக்களில் மூன்றில் ஒரு பங்கினர் மாண்டனர் என்பர் சிலர். பாதிப்பேர் மாண்டனர் என்பர் வேறு சிலர். எவ்வாறாயினும், கலப்பை பிடித்த கைகளே மிகுதியாக மறைந்தன. ஏனெனில், அந்நாளில் மக்களுள் பெரும்பாலோர் உழவரே.

லெஸ்டர் நகரத்து மடத்தைச் சேர்ந்த ஹென்றி நைட்டன் என்பவர் அக்காலத்து நிகழ்ச்சிகளை எழுதி வைத்துள்ளார். மேய்ப்பாரின்றி ஆடுமாடுகள் விளைநிலங்களில் திரிந்தன என்றும், ஒரே மேய்ச்சல் வெளியில் 5,000 ஆடுகள் இறந்து கிடந்தன என்றும், அறுப்பாரின்றிப் பயிர்கள் வயலிலேயே அழிந்தன என்றும் அவர் கூறுகிறார். உணவோடு நாளொன்றுக்கு 8 பென்னி கொடுத்தாலன்றி அறுப்பாள் கிடைக்கவில்லையாம். பஞ்சம் விளைச்சலின்மையால் வருவது என்றே நாம் எண்ணிப் பழகியிருக்கிறோம். அவ்வாண்டிலோ விளைச்சல் நின்றது, விளைவித்தவன் இல்லை.

அரசன் மூன்றாம் எட்வர்டு என்ன செய்தான்? நோய்க்கு அஞ்சிப் பாராளுமன்றம் கூட இயலவில்லை. ஆகவே, தன் மந்திராலோசனைச் சபையைக் கொண்டே 1349ஆம் ஆண்டு ஜூன் 18ஆம் நாள் ஓர் ஆணை பிறப்பித்தான். அறுபது வயதுக்கு உட்பட்டவர், உடல்வலிமை உடையவர், சொந்த நிலமோ கைத்தொழிலோ இல்லாதவர் எவராயினும், வேலைக்கு அழைத்தால் மறுத்தல் கூடாது. கூலியோ, நோய் வருமுன் 1346ஆம் ஆண்டளவில் வழங்கியதே. ஒப்பிய காலம் முடியுமுன் வேலையை விட்டு நீங்குவோர்க்குச் சிறை. உழைக்க வல்ல இரவலர்க்குப் பிச்சையிடுவதும் குற்றம்! இறைச்சி, மீன், ரொட்டி, மது முதலியன விற்போர் நியாயமான விலைக்கே விற்றல் வேண்டும் என்றும், மிகுதியாகப் பெற்றவர் இரு மடங்காகத் திருப்பித் தருதல் வேண்டும் என்றும் ஆணை கூறிற்று. இவ்விறுதி விதி ஏழைக்கும் உதவுவதே. அதனை மறைத்தல் முறையன்று. எனினும், ஆணையின் சுமை முழுவதும் கூலியாளின் தோள்மீதே ஏற்றப்பட்டது.

ஆணை பலிக்கவில்லை. 1351இல் பாராளுமன்றம் கூடி அதனைச் சட்டமாக்கிற்று. கூலியை நுணுக்கமாக வரையறுத்தது. களை பறிப்போர்க்கு நாளொன்றுக்கு ஒரு பென்னி. கதிர் அறுப்போர்க்கு ஆகஸ்டு முதல் வாரத்தில் இரண்டு பென்னி. இரண்டாம் வாரம் முதல் மூன்று பென்னி. சோறும் நீரும் கொடுத்தல் கூடாது. அரிவாளைக் கையில் வெளிப்படையாக ஏந்திச் சந்தை ஊருக்கு வந்து, பலர் அறியப் பொதுவிடத்திலேயே வேலைக்கு அமர வேண்டும். மறைவில் பேரம் பேசலாகாது. மீறுவோரைப் பூட்டி வைக்க ஊர்தோறும் தொழுமரம் செய்து நிறுத்த வேண்டும். இச்சட்டத்தைச் செலுத்தத் தனி நீதிபதிகளும் அமர்த்தப்பெற்றனர்.

கதிர் முற்றிக் கொட்டும் நேரத்தில் நிலமுடையோன் சட்டநூலைப் புரட்டிக்கொண்டிரான். அடுத்த பண்ணைக்காரன் ஒரு பென்னி கூடுதலாகத் தந்தால், இவன் இரண்டு தந்தான். தானியமாகவும் உணவாகவும் மறைவில் கொடுத்தான். அக்காலத்துப் பண்ணைக் கணக்குச் சுவடிகள் இன்றும் உள்ளன. அவற்றில் சிலவிடங்களில், முதலில் எழுதிய கூலியை அடித்துவிட்டுச் சட்டம் வகுத்த குறைந்த தொகையை மேலே எழுதியிருக்கக் காண்கிறோம். கணக்கெழுதியவன் பாடு இரங்கத்தக்கதே. சட்டம் கூலியைச் சில ஆண்டுகள் ஓரளவு அழுத்தி வைத்தது என்பதும் உண்மை. ஆயினும், அரசுக்கும் உழவர்க்கும் இடையே வளர்ந்த பகைமை 1381இல் பெருங்கலகமாய் வெடித்தது. தலைவரியே அதற்கு உடனடிக் காரணம் என்றாலும், முப்பது ஆண்டுக் கூலிச்சட்டக் கொடுமையும் அந்நெருப்புக்கு விறகாயிற்று. கலகக்காரர் பல ஊர்களில் முதலில் தேடிக் கொளுத்தியவை பண்ணை நீதிமன்றச் சுவடிகளே என்பது கருதத்தக்கது.

இனி நம் நாட்டுக்கு வருவோம். 2020ஆம் ஆண்டு மார்ச்சு 24ஆம் நாள் இரவு, கொரோனா நோயைத் தடுக்க நாடு தழுவிய ஊரடங்கு அறிவிக்கப்பெற்றது. அந்நாளில் வடநாட்டு வயல்களில் கோதுமை முற்றும் பருவம். மார்ச்சு 27ஆம் நாளே உள்துறை அமைச்சகம் உழவுத் தொழிலுக்கும், கூலியாட்களுக்கும், கொள்முதல் நிலையங்களுக்கும், மாநிலம் விட்டு மாநிலம் செல்லும் அறுவடைப் பொறிகளுக்கும் விலக்களித்தது. பஞ்சாபில் கொள்முதல் நிலையங்களைப் பெருக்கி, உழவர் ஒருங்கே கூடாதபடி நாள் குறித்துச் சீட்டு வழங்கினர். குவிண்டாலுக்கு 1,925 ரூபாய் என்னும் விலை மாறவில்லை. அப்பருவத்தில் அரசு கொண்ட கோதுமை ஏறத்தாழ 389 இலட்சம் டன். ஏறத்தாழ 80 கோடி மக்களுக்கு ஆளுக்கு மாதம் 5 கிலோ தானியம் இலவசமாக வழங்கும் திட்டமும் மார்ச்சு இறுதியிலேயே அறிவிக்கப்பெற்றது. இவ்வளவும் இயன்றதற்குக் காரணம், 1965இல் தொடங்கிய இந்திய உணவுக் கழகத்தின் கிடங்குகள் நிரம்பியிருந்தமையே. அக்கழகத்தின் முதல் மாவட்ட அலுவலகம் நம் தஞ்சாவூரில் திறக்கப்பெற்றது என்பதை இங்கே நினைவூட்டலாம்.

எட்வர்டின் ஆணையில் இல்லாத ஒன்று இங்கே இருந்தது: விளைந்ததற்கு விலையும் பசித்தோர்க்குப் பங்கும். ஆனால், ஊர்விட்டு ஊர் சென்று உழைத்த கூலியாளின் பங்கு காலந்தாழ்த்தே வந்தது. ரேஷன் அட்டை அவன் பிறந்த ஊரில், அவனோ நகரத்தில். அட்டையில்லாத 8 கோடிப் பேர்க்குத் தானியம் என்னும் அறிவிப்பு மே மாதத்தின் நடுவில்தான் வந்தது. அதற்குள் இலட்சக்கணக்கானோர் கால்நடையாகவே தம் ஊர் நோக்கிப் புறப்பட்டுவிட்டனர்.

அதன் விளைவு ஜூன் மாதத்தில் பஞ்சாபின் நெல்வயல்களில் தெரிந்தது. ஆண்டுதோறும் நாற்று நட வரும் பீகார்த் தொழிலாளர் வரவில்லை. உள்ளூர் ஆட்கள் கூடுதல் கூலி கேட்டனர். உடனே பல சிற்றூர்ப் பஞ்சாயத்துகள் கூடி, ஏக்கருக்கு இவ்வளவே நடவுக்கூலி என்று தீர்மானம் இயற்றின. சில ஊர்களில், மீறுவோரை ஊர்விலக்குச் செய்வதாகவும் அச்சுறுத்தின. அந்தப் பஞ்சாயத்தார் 1351ஆம் ஆண்டுச் சட்டத்தைக் கேள்வியுற்றிருப்பார்கள் என்று தோன்றவில்லை. அதே மாதத்தில், வேறு ஊர்களைச் சேர்ந்த உழவர்களோ பீகாருக்குப் பேருந்துகளை அனுப்பி, முந்தைய ஆண்டைவிட மிகுதியான கூலி தருவதாக வாக்களித்து, நாற்று நடும் ஆட்களைத் தம் செலவிலேயே அழைத்து வந்தனர்.