தனிப்பெட்டியும் பொதுப்பெட்டியும்

அரியணையில் அமர்ந்து ராஜ்ய பாரத்தைச் சுமந்துகொண்டே உள்ளத்தால் துறவியாக இருந்தவன் என்று நம் புராணங்கள் புகழும் மிதிலை மன்னன் ஜனகனின் பெயரைத் தாங்கிய ஜனக்புரி, தில்லியின் மேற்கே, திகார் சிறைச்சாலைக்குப் பக்கத்தில், 1970-களில் டி.டி.ஏ. என்று எல்லோரும் சொல்லும் தில்லி வளர்ச்சி ஆணையத்தார் மனைகளாகவும் அடுக்கு வீடுகளாகவும் வகுத்துக் கொடுத்த குடியிருப்பு. மத்திய சர்க்கார் உத்தியோகத்துக்காகத் தில்லி வந்து, பணிமூப்பில் ஊர் திரும்ப மனமில்லாமல் இங்கேயே தங்கிவிட்ட தமிழ்க் குடும்பங்கள் இங்கே கணிசம். தில்லி தமிழ்க் கல்விக் கழகத்தின் ஏழு பள்ளிகளில் ஒன்று இங்கே இருப்பதே அதற்குச் சாட்சி. அந்தக் குடும்பங்களில் கிறிஸ்தவர்களும் உண்டு. 2011-ஆம் ஆண்டுக் கணக்கின்படி மக்கள்தொகையில் நூற்றுக்கு நாற்பத்தேழு பேர் கிறிஸ்தவராயிருக்கும் கன்னியாகுமரி மாவட்டத்திலிருந்து, நூற்றுக்கு ஒருவர்கூடக் கிறிஸ்தவராயில்லாத தில்லிக்கு வந்து சேர்ந்தவர்கள் அவர்களில் சிலர்.

2025 பிப்ரவரி 5-ஆம் தேதி, புதன்கிழமை, தில்லி சட்டசபைக்குத் தேர்தல். அதற்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து எல்லோரும் வெயிலில் தேநீர்க் குவளையோடு நின்றிருந்த நேரத்தில், திருநெல்வேலிப் பக்கத்து இளைஞர் ஒருவர், நாகர்கோவிலிலிருந்து வந்து நாற்பது ஆண்டுகளாக ஜனக்புரியில் குடியிருக்கும் பெரியவர் ஒருவரிடம் தயங்கித் தயங்கிக் கேட்டார்: “அண்ணாச்சி, ஜெபக் கூட்டத்துல ஒருத்தர் சொல்றாரு, நாம பரலோகத்துக் குடிமக்கள், இந்த ஓட்டு, கட்சியெல்லாம் நமக்கு வேண்டாம்னு. நீங்க என்ன சொல்றீங்க?” பெரியவர் குவளையிலிருந்து கண்ணை எடுக்காமலே, “தம்பி, போன கோடையில குழாயில தண்ணி வரலேன்னு மனு எழுதினியே, அதுல எந்த ஊர் விலாசம் போட்டே?” என்றார். இளைஞர் சிரித்துவிட்டார், பதில் சொல்லவில்லை.

கேட்கத் தகுந்த கேள்விதான் அது, பழைய கேள்வியுங்கூட. ராயனுக்கு வரி கொடுப்பது தகுமா என்று இயேசுபெருமானிடமே கேட்டவர்கள் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் டார்பி முதலானோர் தோற்றுவித்த சகோதர சபையாரில் பலர், உலக ராஜ்யங்களில் பங்கு கொள்ளுதல் விசுவாசிக்கு அடாதென்று வாக்குச்சாவடிப் பக்கமே போகாமலிருந்தனர். அந்தச் சபையின் சிந்தனை குரோவ்ஸ் என்ற ஊழியர் வழியாகவும், அவருடைய சீடரான திருநெல்வேலி ஜான் அருளப்பன் வழியாகவும் அந்த நூற்றாண்டிலேயே தமிழ்நாட்டுக்கு வந்துவிட்டது. இன்னொரு பக்கம், ரோமாபுரியைச் சுற்றியிருந்த தம் ராஜ்யத்தை 1870-ல் இத்தாலிய அரசு கைப்பற்றிக்கொண்டதனால் மனம் புண்பட்டிருந்த பாப்பரசரின் பீடம், கத்தோலிக்கர் இத்தாலியப் பார்லிமெண்டுத் தேர்தலில் வாக்களித்தல் தகாதென்று விதித்து, அத்தடையை 1905-ல் சற்றுத் தளர்த்தி, 1919-ல்தான் முற்றிலும் நீக்கிற்று. ஆக, வாக்களிக்கலாகாது என்ற வாதம் ஒருபுறம் பக்தியின் பெயரால் எழுந்தது. மறுபுறம் பறிபோன மண்ணின் பெயரால் எழுந்தது. இரண்டையும் ஒன்றாகப் பார்ப்பது பிழை.

நம் நாட்டிலோ இந்தக் கேள்வி வேறு உருவத்தில் வந்தது. ஆள்பவர்களும் கிறிஸ்தவர்கள், ஞானஸ்நானம் கொடுத்த மிஷனரிகளும் அவர்கள் இனத்தவர்கள் என்ற நிலையில், அரசியலில் ஈடுபடுவதென்றால் யார் பக்கம் நிற்பது என்பதே அன்றைய இந்தியக் கிறிஸ்தவரின் தர்மசங்கடம். ஜனக்புரியிலிருந்து மெட்ரோ ரயிலேறி ஒருவர் காஷ்மீரி கேட்டுக்குப் போவாரானால், அந்தச் சங்கடத்துக்கு ஒரு வங்காளி கண்ட விடை அங்கே கிடைக்கும். செயின்ட் ஸ்டீபன்ஸ் கல்லூரி அக்காலத்தில் அங்கேதான் இருந்தது. அதன் முதல் இந்திய முதல்வரான சுசீல் குமார் ருத்ராவின் இல்லத்தில்தான் 1915-ல் தில்லிக்கு வந்த காந்தியடிகள் தங்கினார். பின்னர் கிலாபத் விஷயமாக ராஜப்பிரதிநிதிக்கு எழுதிய பகிரங்கக் கடிதம் உருவானதும் அந்தக் கூரையின் கீழேதான் என்று, ருத்ரா காலமானபோது காந்தியடிகளே எழுதினார். அரசியல் மேடை எதிலும் முழங்காத, சாந்தமே உருவான அந்த ஆசிரியர் தம் வீட்டுக் கதவைத் திறந்து வைத்ததைவிடப் பெரிய அரசியல் பிரவேசம் வேறு என்ன வேண்டும்?

தமிழர் தரப்பில் இன்னும் கூர்மையாகப் பேசியவர் தஞ்சாவூரில் 1892-ல் பிறந்த ஜோசப் செல்லத்துரை கார்னீலியஸ் என்னும் ஜே. சி. குமரப்பா. 1930-ல் உப்புச் சத்தியாக்கிரகம் நாட்டைக் குலுக்கிக்கொண்டிருந்தபோது, சத்தியாக்கிரகிகள் மீது விழும் தடியடியைக் கண்டு வாய் திறவாதிருக்கலாமா என்று அவர் கிறிஸ்தவ குருமாரை நோக்கி விண்ணப்பம் செய்தார். கல்கத்தாவின் ஆங்கிலிக்கப் பேராயர் வெஸ்ட்காட், சட்ட மறுப்பு இயேசுவின் போதனைக்கு விரோதமானதென்று மறுமொழி தந்தார். குமரப்பா விடவில்லை, வேதத்திலிருந்தே எடுத்துக் காட்டிப் பதில் வரைந்தார், அந்தக் கடிதப் போக்குவரத்து ‘யங் இந்தியா’ பத்திரிகையில் வெளிவந்தது. அரசியல் வேண்டாம் என்று சொன்னவர் யார் என்பதைக் கவனிக்க வேண்டும். அவர் அரசாங்கத்தின் சமாதானத்தைத் தம் சமாதானமாகக் கொண்டவர். ஒதுங்கியிருங்கள் என்ற உபதேசம் ஏதோ ஒரு பக்கத்துக்கு அனுகூலமாகவே முடியும் என்பதைக் குமரப்பா அன்றே கண்டுகொண்டார். பலமுறை சிறையும் சென்றார்.

இதற்கிடையே, பங்குகொள்வது சரிதான், எந்தப் பெட்டியில் வாக்கைப் போடுவது என்ற வழக்கு மூண்டது. 1919-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி சென்னை மாகாணச் சட்டசபையில் இந்தியக் கிறிஸ்தவருக்கென்று ஐந்து ஸ்தானங்கள் ஒதுக்கப்பட்டன. அவற்றுக்குக் கிறிஸ்தவர் மட்டுமே நிற்கலாம், கிறிஸ்தவர் மட்டுமே வாக்களிக்கலாம். (இன்று தனித் தொகுதி என்றால் தாழ்த்தப்பட்டோருக்கு ஒதுக்கிய, எல்லோரும் வாக்களிக்கும் தொகுதி என்று பொருள். ஆகையால் குழப்பம் தவிர்க்க அந்தப் பழைய ஏற்பாட்டைத் தனிப்பெட்டி என்றே சொல்லிக்கொள்கிறேன்.) லண்டன் வட்டமேஜை மாநாட்டில் இந்த வழக்கு உச்சத்துக்குப் போயிற்று. அங்கே கிறிஸ்தவர் சார்பில் சென்ற இரு தமிழரும் எதிரெதிர்த் திசையில் நின்றனர். சேலத்தில் பிறந்து, ஒய்.எம்.சி.ஏ.வின் முதல் இந்திய தேசியப் பொதுச் செயலாளராக விளங்கிய கே. டி. பால் பொதுப்பெட்டியே போதும் என்றார். தஞ்சை ஜில்லா போர்டின் தலைவராயிருந்து பேர் பெற்ற, நீதிக்கட்சியைச் சேர்ந்த கத்தோலிக்கரான ஏ. டி. பன்னீர்செல்வம் தனிப்பெட்டி வேண்டும் என்றார். பால் 1931-ல் காலமானார். அவ்வாண்டின் இரண்டாம் மாநாட்டில் ஆகா கான், அம்பேத்கர், ஆங்கிலோ இந்தியரின் கிட்னி, ஐரோப்பியரின் கார் ஆகியோரோடு சேர்ந்து சிறுபான்மையோர் ஒப்பந்தத்தில் பன்னீர்செல்வம் கையெழுத்திட்டார். இன்னொரு கிறிஸ்தவப் பிரதிநிதியான எஸ். கே. தத்தா அதற்கு உடன்படவில்லை.

பன்னீர்செல்வத்தைப் பழிக்க எனக்கு மனமில்லை. மாகாணத்தில் உத்தியோகமும் சட்டசபையும் ஒரு சிலர் கையில் இருந்த காலம் அது. சிறு சமூகம் பெருங்கூட்டத்தில் கரைந்துபோகும் என்று அஞ்சியதில் சூது இல்லை. ஆனாலும் திருநெல்வேலிச் சீமையின் வெள்ளாளன்விளையில் பிறந்து, இந்தியரில் முதல்வராக ஆங்கிலிக்கப் பேராயர் பதவி வகித்த தோர்ணக்கல் அசரியா, தனிப்பெட்டியை எதிர்த்து நின்றதன் காரணத்தை எண்ணிப் பார்க்க வேண்டும். தனிப்பெட்டிக்கு ஆள் சேர்ப்பதே சபை என்று ஊரார் கருதத் தொடங்கினால், ஞானஸ்நானம் பெறுகிற ஒவ்வோர் ஏழையும் வாக்குக் கணக்கில் ஏறிய ஆளாகிவிடுவான். அப்புறம் மதமாற்றம் மனச்சாட்சியின் காரியமாக யார் கண்ணுக்கும் படாது. தொண்ணூறு ஆண்டுகள் கழிந்தும் அந்த அச்சம் எவ்வளவு மெய் என்பதை நாம் கண்டுகொண்டுதான் இருக்கிறோம்.

1932 ஆகஸ்டில் வெளியான வகுப்புத் தீர்ப்பு தனிப்பெட்டிக்கே சாதகமாயிற்று. 1935-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ்ச் சென்னையின் 215 ஸ்தானங்களில் எட்டு இந்தியக் கிறிஸ்தவருக்குக் கிடைத்தன. 1937 தேர்தலில் காங்கிரசுக்கு மஞ்சள் பெட்டி என்று ஊர் ஊராகக் கூவினார்கள். எழுதப்படிக்கத் தெரியாதவரும் நிறத்தைக் கண்டு வாக்களிக்க அது உதவிற்று. பாளையங்கோட்டையிலோ தஞ்சாவூரிலோ ஒரே தெருவில் குடியிருந்த இரு நண்பர்கள் அன்று ஒரே அபேட்சகருக்கு வாக்களித்திருக்க முடியாது. கிறிஸ்தவ நண்பருக்கு அவர் சமூகத்து அபேட்சகரே பட்டியலில் இருந்தார். தெருச் சாக்கடையைப் பற்றி இருவருக்கும் ஒரே முறையீடு இருந்தும், அதைக் கேட்க இருவருக்கும் பொதுவாக ஓர் ஆள் இல்லை.

சுதந்திரம் வந்த பிறகு இந்த ஏற்பாடு இரண்டு படிகளில் இறங்கி மறைந்தது. 1947 ஆகஸ்டில் அரசியல் நிர்ணய சபை தனிப்பெட்டியை ஒழித்து, சென்னை, பம்பாய் மாகாணச் சபைகளிலும் மத்தியிலும் கிறிஸ்தவருக்கு ஒதுக்கீட்டு ஸ்தானங்களை மட்டும் வைத்தது. 1949 மே மாதம் 25, 26 தேதிகளில் அதையும் எடுத்துவிட்டது. எடுக்கச் சொல்லி ஆலோசனைக் குழுவில் முன்நின்றவர் எச். சி. முகர்ஜி, சபையின் உபதலைவர், வங்காளக் கிறிஸ்தவர். சபையில் ஆதரித்துப் பேசியவர்களில் ஒருவர் மங்களூரில் பிறந்து சென்னை லயோலா கல்லூரியில் முதல்வராயிருந்த இயேசு சபைப் பாதிரியார் ஜெரோம் டிசூஸா. கையில் இருந்ததைத் தாமே கீழே வைத்த சமூகம் என்று பாராட்டும் கிடைத்தது. பாராட்டு ஒருபுறமிருக்க, அந்த இரண்டு நாட்களில் அவர்கள் தங்கள் பேரப்பிள்ளைகளின் மேல் ஒரு கடமையையும் ஏற்றிவிட்டார்கள். ஸ்தானம் ஒதுக்கியிருந்தால் வாக்களிக்காமல் வீட்டில் இருந்தாலும் யாரோ ஒரு கிறிஸ்தவர் சபையில் அமர்ந்திருப்பார். பொதுப்பெட்டியை ஏற்றபின் அந்தச் சௌகரியம் கிடையாது.

பொதுப்பெட்டி எப்படி வேலை செய்யும் என்பதற்குப் பெரியவரின் சொந்த ஊரே உதாரணம். திருவிதாங்கூரிலிருந்து கன்னியாகுமரியைத் தமிழகத்தோடு இணைக்கப் போராடி 1956 நவம்பர் 1-ஆம் தேதி வெற்றி கண்ட இயக்கத்தின் தலைவர் மார்ஷல் நேசமணி கிறிஸ்தவர். ஆனால் அவர் கேட்டது மொழிக்காக, கிறிஸ்தவருக்காக அன்று. மறு ஆண்டில் குளச்சலில் வென்று காமராஜரின் மந்திரிசபையில் இடம்பெற்ற லூர்தம்மாள் சைமன் மீனவ சமூகத்துக் கத்தோலிக்கப் பெண்மணி. நேசமணி 1968-ல் மறைந்தபின் 1969 ஜனவரியில் நாகர்கோவிலில் நடந்த இடைத்தேர்தலில் காமராஜரை எதிர்த்து நின்றவர் டாக்டர் மத்தியாஸ் என்ற கிறிஸ்தவர். கிறிஸ்தவர் திரளாக வாழும் அந்தத் தொகுதி காமராஜருக்கு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்குகளை அதிகமாகக் கொடுத்து வெற்றி தந்தது. தனிப்பெட்டியில் இந்தக் காட்சியை யாரும் கண்டிருக்க முடியாது.

எல்லோருக்கும் பொது என்ற அந்தப் பெட்டியிலும் ஒரு பூட்டு உண்டு. அதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. 1950 ஆகஸ்டு 10-ஆம் தேதிய ஜனாதிபதி ஆணை, இந்துக்களைத் தவிர வேறெவரும் தாழ்த்தப்பட்ட சாதியினராகக் கருதப்படமாட்டார் என்றது. 1956-ல் சீக்கியரையும் 1990-ல் பௌத்தரையும் சேர்த்தார்கள், கிறிஸ்தவரைச் சேர்க்கவில்லை. கோலார் தங்கவயலின் ஒதுக்கீட்டுத் தொகுதியில் 1967-ல் வென்றவர், ஒருகாலத்தில் ஞானஸ்நானம் பெற்றவர் என்பதனால் உச்ச நீதிமன்றத்தில் தம் ஸ்தானத்தை இழந்தார். 1972-ல் மீண்டும் நின்று வென்றபோது, தாய்மதம் திரும்பியவரைச் சாதியார் ஏற்றுக்கொண்டனர் என்ற ஆதாரத்தின் மேல் அதே நீதிமன்றம் அவர் ஸ்தானத்தை உறுதி செய்தது. சென்னையில் செருப்புத் தைத்துப் பிழைத்த கிறிஸ்தவர் ஒருவர், சர்க்கார் தந்த இலவசப் பெட்டிக்கடை தமக்கு மட்டும் மறுக்கப்பட்டதென்று வழக்காடி, 1985-ல் தோற்றார். சேரியில் சாதி விடவில்லை, சட்டத்தில் மட்டும் விட்டுவிட்டது. ஓட்டு நமக்கு வேண்டாம் என்று தேநீர் குடித்துக்கொண்டே சொல்ல வசதியுள்ளவர்கள், இந்தப் பூட்டைத் திறக்க வேறு என்ன சாவி இருக்கிறதென்று சொல்லட்டும்.

ஜனக்புரியை அடுத்த விகாஸ்புரியில், 2015 ஜனவரி 14-ஆம் தேதி அதிகாலையில், ஒரு மாதா கோவிலுக்குள் நுழைந்தவர்கள் அங்கிருந்தவற்றை உடைத்துப் போட்டார்கள். அடுத்த மாதம் 7-ஆம் தேதி தில்லியில் தேர்தல்; அதற்கு இரண்டு நாள் முன்பு, பிப்ரவரி 5-ஆம் தேதி, பேராலயத்துக்கு வெளியே கூடிய கிறிஸ்தவர்களைப் போலீசார் வண்டியிலேற்றிக் கொண்டுபோனார்கள். 2018 மே மாதத்தில் தில்லிப் பேராயர் அனில் கூட்டோ, நாட்டின் கொந்தளிப்பான அரசியல் நிலையைக் குறித்து ஜெபிக்கும்படி பங்குகளுக்கு எழுதிய கடிதம் பெரிய சர்ச்சையாயிற்று. குருமார் கட்சி குறிப்பிட்டு வாக்குக் கேட்பது எனக்கும் உடன்பாடில்லை. மதத்தின் பெயரால் வாக்குக் கேட்பதை 1951-ஆம் ஆண்டுச் சட்டமே முறைகேடு என்கிறது. ஜெபத்தையே குற்றமாகப் பார்ப்பது வேறு விஷயம்.

அந்தப் புதன்கிழமை காலையில் பெரியவரை வாக்குச்சாவடியில் கண்டேன். பஞ்சாபி நண்பர் ஒருவரின் தோளைப் பற்றிக்கொண்டு மெல்ல நகர்ந்துகொண்டிருந்தார்; அவருக்குப் பின்னால் ஏழெட்டுப் பேர் தள்ளி, குளிருக்குக் காதை மூடிய கம்பளித் தொப்பியோடு அந்த இளைஞர். அங்கே ஆண்களுக்கு ஒரு வரிசை, பெண்களுக்கு ஒரு வரிசை. வேறு வரிசை கிடையாது.