வரைபடத்தை யாரிடம் ஒப்படைப்பது?

குழுவாக வடிவமைக்கும் வகுப்புகளில் இறுதி வரைபடத்தையும் மாதிரியையும் ஒப்படைத்துவிட்டால் வேலை முடிந்ததாகக் கணக்கு. அடையாற்று முகத்துவாரத்துக்குத் தெற்கே உள்ள ஊரூர் ஒல்காட் குப்பம் போன்ற சோழமண்டலக் கரையூர்களின் படகு வரலாற்றைப் பார்த்தால், இந்தக் கணக்கு தவறு என்றே சொல்வேன். பயன்படுத்துகிறவர் ஒரு வடிவத்தைத் தன் கையாலேயே பிரிக்கவும் மாற்றவும் முடியும்போதுதான் ஒப்படைப்பு முழுமையாகிறது.

கட்டுமரத்தை வரைபடம் பார்த்து யாரும் கட்டியதில்லை. தச்சர்கள் லேசான மரத்தடிகளைச் செதுக்கி, நடுத்தடி தாழ்ந்தும் ஓரத்தடிகள் உயர்ந்தும் இருக்கும்படி சேர்த்துக் கயிற்றால் கட்டுவார்கள். மேலே விழும் அலை இடுக்குகள் வழியே வடிந்துவிடும், கவிழ்ந்தாலும் மூழ்காது. கரைக்கு வந்ததும் மீனவர்கள் கட்டை அவிழ்த்துத் தடிகளைக் காயப்போடுவார்கள். சென்னை மாகாண மீன்துறை இயக்குநராக இருந்த ஜேம்ஸ் ஹோர்னெல், இந்தியப் படகு வடிவங்களைப் பற்றி 1920இல் வெளியிட்ட ஆய்வில் இந்த அமைப்பை விரிவாக ஆராய்ந்தார். அன்றாடம் அவிழ்த்துக் கட்டுகிறவருக்கு எந்தத் தடி எங்கே, ஏன் என்பது தெரிந்தே ஆகவேண்டும். தச்சரின் அறிவு மீனவரிடம் போய்ச்சேர்ந்தது இப்படித்தான்.

வரைபடம் இல்லாத அறிவு ஆளோடு போய்விடும் என்பார்கள். கட்டுமரத்தில் இயந்திரம் வைத்துத் தொலைவு போவது கடினம் என்பார்கள். இரண்டும் உண்மை; வரைபடமும் தேவைதான். ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பு 1979இல் சென்னையில் தொடங்கிய வங்காள விரிகுடாத் திட்டம், துறைமுகம் இல்லாத கரைகளுக்காகப் புதிய படகுகளை வரைந்தது. ஆனால் வரைந்ததோடு நிற்கவில்லை. மாதிரிப் படகைக் கட்டி, மீனவரை ஓட்டச்செய்து, அவர்கள் சொன்ன குறைகளைக் கேட்டுத் திருத்தியது. மணலில் தட்டாமல் தூக்கிக்கொள்ளும் புரொப்பல்லர் போன்ற தீர்வுகள் அந்தச் சோதனைகளோடு வளர்ந்தவை. நல்ல வரைபடமும் கரையில் தேறவேண்டியிருந்தது.

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிறகு நடந்தது இதற்கு நேர்மாறு. நிவாரணமாக ஃபைபர் படகுகள் அவசர அவசரமாகச் செய்யப்பட்டன. அச்சும் வடிவமும் தயாராக இருந்தும், அனுபவமில்லாத பட்டறைகளிலிருந்து தரம் குறைந்த படகுகள் பல வந்தன. அவிழ்த்துக் கட்டிச் சரிசெய்ய ஃபைபர் படகு கட்டுமரமல்ல. விரிசல் விட்டால் பிசினும் கண்ணாடியிழையும் வாங்கவேண்டும், பூசத் தெரிந்த ஆளும் வேண்டும். எண்ணிக்கையை நிறைவுசெய்த அவசரத்தில் பழுதுபார்க்கும் அறிவு பின்தங்கிவிட்டது.

வடிவமைப்பு ஆசிரியர்களிடம் என் கோரிக்கை ஒன்றுதான்: மாணவர் குழுவுக்கு இறுதி மதிப்பெண் போடுவதற்கு முன், அந்தப் பொருளைப் பயன்படுத்தப்போகிறவர் அதைப் பிரித்துப் பழுதுபார்த்துக் காட்டட்டும்.