மலைக்குப் போதலும் மலையைக் கற்றலும்

மலையகத் தோட்ட மக்களின் பேச்சு வழக்கிலே 'மலைக்குப் போதல்' என்னும் தொடருக்கு ஒரு தனிப்பொருள் உண்டு. அது உலாவுதலையோ யாத்திரையையோ குறிப்பதன்று. வேலைக்குச் செல்லுதலையே குறிப்பது. கொழுந்து பறிக்கப்படும் தேயிலைப் பரப்பே ஈண்டு 'மலை' எனப்படுகின்றது. ஒரு தாய் தன் மகனைப் பற்றி, 'அவன் மலைக்குப் போகத் தொடங்கிவிட்டான்' என்று கூறுவாளாயின், அவன் பள்ளியை விட்டுவிட்டான் என்பதே அதன் பொருள். ஒரு சமூகத்தின் கல்வி வரலாறு முழுவதும் இச்சிறு தொடரில் அடங்கிக் கிடக்கின்றது எனலாம்.

வளரிளம் பருவத்து மாணவரை விடுமுறைக் காலத்தில் வகுப்பறைக்கு வெளியே அழைத்துச் சென்று, காடு, ஓடை, மண் ஆகியவற்றின் நடுவே பணியாற்றியவாறே கற்கச் செய்யும் சுற்றாடற் கல்விப் பயிற்சிகள் இன்று பல நாடுகளில் பெருகியுள்ளன. இத்தகைய பயிற்சி நுவரெலியா, ஹற்றன் பகுதிகளுக்கு மிகவும் ஏற்றது என்பதில் ஐயமில்லை. ஆயினும், மலைக்கு அழைக்கப்படும் பிள்ளை கற்பதற்கு அழைக்கப்படுகின்றதா, உழைப்பதற்கு அழைக்கப்படுகின்றதா என்னும் வினாவுக்கு விடை கூறாமல் அதனை இம்மண்ணில் நடுதல் இயலாது. அவ்வினாவின் வரலாற்றுப் பின்னணியை நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கோப்பிக் காலந்தொட்டே மலைநாட்டின் இயற்கை இருவேறு கண்களால் நோக்கப்பட்டு வந்துள்ளது. ஒன்று அறிவியலின் கண். 1861ஆம் ஆண்டு ஹக்கலையில் சிங்கோனாப் பயிர்ச் சோதனைக்கெனத் தாவரத் தோட்டம் அமைக்கப்பட்டது. 1869இல் மடுல்சீமைப் பகுதியிலே கோப்பி இலைநோய் கண்டறியப்பட்டது. அதனை ஆராயும் பொருட்டு 1880இல் இலங்கைக்கு வந்த மார்ஷல் வார்ட் என்னும் இளந் தாவரவியலாளர், நோயைத் தோற்றுவித்த பூஞ்சணத்தின் வித்திகள் காற்றினாற் பரவுகின்றன என்பதை விளக்கினார். 1867இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெயிலர் பத்தொன்பது ஏக்கரில் நட்ட தேயிலை கோப்பியின் இடத்தைப் பிடித்தபின், 1925இல் தேயிலை ஆராய்ச்சி நிலையமும் உருவாயிற்று. தலவாக்கலையின் சென் கூம்ஸ் தோட்டம் அதன் இருப்பிடமாயிற்று.

மற்றொன்று உழைப்பின் கண். பெரட்டுக் களத்தில் விடியுமுன் நிறுத்தப்பட்ட பெற்றோருடன் பிள்ளைகளும் மலைக்குச் சென்றனர். புல் பிடுங்குதல் போன்ற இலகுவேலை எனக் கருதப்பட்டவை சிறுவருக்கு உரியனவாயின. முழு நாட் கூலி 'ஒரு பேர்' எனவும் அதிற் பாதி 'அரைப்பேர்' எனவும் செக்றோலிற் பதியப்பட்டன. 1927ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டமுங்கூட ஆண், பெண், சிறுவர் என மூன்று படிகளாகவே கூலியை வகுத்தது. தொழிலாளரின் நிலையை உயர்த்தும் பொருட்டு இயற்றப்பட்ட சட்டமே சிறுவரைக் கூலி பெறும் ஒரு வகுப்பாக ஏற்றுக்கொண்டமை மனங்கொள்ளத்தக்கது.

அச்சிறுவர் மலையில் எதனையும் கற்கவில்லை என்று கூறுவது தவறாகும். எந்தச் சரிவில் மண் வழுக்கும், எந்தக் கானில் மழைநீர் முதலிற் பொங்கும், கவ்வாத்து வெட்டிய செடி எப்பொழுது தளிர்க்கும் என்பன அவர்கள் உடலாலே கற்றவை. வார்ட் உருப்பெருக்கியின் கீழ் நோக்கிய செம்மஞ்சட் பொடி, நோயுற்ற கோப்பிச் செடிகளுக்கிடையே புல் பிடுங்கிய பிஞ்சுக் கைகளிலும் படிந்திருக்கும். அறிவியலாளருக்கு அது ஆய்வுப் பொருளாயிற்று; சிறுவருக்கோ அது வேலையின் அழுக்காக மட்டுமே எஞ்சியது. கண்டது ஒன்றே, ஆனால், அதற்குப் பெயரிடவும் காரணம் வினவவும் எழுதிவைக்கவும் வாய்ப்புப் பெற்றோர் வேறாயினர். கல்விக்கும் உழைப்புக்கும் உள்ள வேறுபாடு இதுவே.

இனிப் பள்ளியை நோக்குவோம். 1907ஆம் ஆண்டின் கிராமியப் பாடசாலைச் சட்டமும், அதனையடுத்து 1920ஆம் ஆண்டின் கல்விச் சட்டமும் ஆறு முதல் பத்து வயது வரையுள்ள பிள்ளைகளின் கல்வியைத் தோட்ட நிருவாகத்தின் பொறுப்பாக்கின. இதன் விளைவாக எழுந்தவற்றுட் பல ஓராசிரியர் பள்ளிகள். எழுத்து, வாசிப்பு, எண் என்னும் எல்லையைத் தாண்டாதவை. பத்து வயதுக்குப் பின் எஞ்சியது மலையே. 1945இல் நாட்டுக்கு வாய்த்த இலவசக் கல்வியின் பயன் தோட்டப் பிள்ளைகளைச் செம்மையாக எட்டவில்லை. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் அவர்தம் பெற்றோரிற் பெரும்பாலாரை நாடற்றோராக்கியது. 1977ஆம் ஆண்டு முதலாகவே தோட்டப் பள்ளிகளை அரசு படிப்படியாகப் பொறுப்பேற்றது.

இவ்வரலாற்றினூடே, செயல்வழிக் கல்வியை முன்வைத்த முயற்சிகள் நாட்டில் இல்லாமலில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ட்ரீபர்க் என்பவரின் மேற்பார்வையிலே பள்ளித் தோட்டத் திட்டம் கிராமப் பாடசாலைகளிற் பரவிற்று. 1972ஆம் ஆண்டின் கல்விச் சீர்திருத்தம் தொழில் முன்னிலைப் பாடங்களைப் புகுத்தி, அவ்வவ் வட்டாரத் தொழில்களைக் கல்வியோடு இணைக்க முயன்றது. நோக்கம் உயரியது. ஆனால், தேயிலைத் தோட்டத்தில் வட்டாரத் தொழில் யாது? எந்தக் கூலி வேலையிலிருந்து பிள்ளையை விடுவிக்கப் பெற்றோர் பள்ளியை நாடினரோ, அதனையே பள்ளி மீண்டும் காட்டுமாயின் அவர்கள் அதனை ஐயுறுவது இயல்பன்றோ? மண்வெட்டியைப் பிள்ளையின் கையிற் காணும் தந்தைக்கு அது பாடக் கருவியாகத் தோன்றுவதில்லை.

உலக அரங்கில் நிலைமை வேறு. 1941இல் வேல்ஸின் அபர்டோவியில் கேர்ட் ஹான் முதலானோர் தொடங்கிய 'அவுட்வார்ட் பவுண்ட்' பள்ளி, கடலையும் மலையையும் இளைஞரின் மனவுறுதிக்குப் பயிற்சிக் களமாக்கியது. 1970இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட 'இளைஞர் பாதுகாப்புப் படை' பதினைந்து முதல் பதினெட்டு வயதினரைக் கோடை வாரங்களிற் பொது நிலங்களிலே பணியில் அமர்த்தி, ஊதியமும் வழங்கி, சுற்றாடற் கல்வியையும் அப்பணியின் பகுதியாக்கியது. 1977இல் திபிலிசியிற் கூடிய மாநாடு சுற்றாடற் கல்வியை அனைவர்க்கும் உரியதாக வலியுறுத்தியது. அங்கே கோடையில் உழைக்கும் மாணவன் கோடை முடியப் பள்ளிக்குத் திரும்புகிறான். அவனுக்கு உழைப்பு ஒரு பருவத்து அனுபவம். இங்கோ அது தலைமுறை தலைமுறையாக வந்த விதி. ஆதலின் அத்திட்டங்களை அவ்வாறே பெயர்த்து நடுதல் பொருந்தாது.

எனினும், வரலாற்றின் கசப்பைக் காரணங்காட்டி மலையையே கல்வியிலிருந்து விலக்குவதும் பொருந்தாது. 2014 ஒக்டோபர் 29ஆம் நாள் பதுளை மாவட்டத்து மீரியாபெத்தையில் மண்சரிவு லயன்களை மூடியமை நம் நினைவை விட்டு அகலாதது. அப்பகுதி ஆபத்தானது என்னும் எச்சரிக்கை அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்னரே விடுக்கப்பட்டிருந்தது. ஆயினும், குடியிருக்க வேறு நிலம் இல்லாதோர்க்கு எச்சரிக்கை மட்டும் புகலிடமாகாது. நிலவெடிப்பையும் ஊற்றுநீரின் நிறமாற்றத்தையும் படித்தறிந்து, பதிவு செய்து, அப்பதிவைக் கையில் ஏந்தி அதிகாரிகளிடம் பாதுகாப்பான நிலம் கோரவல்ல ஓர் இளந்தலைமுறை அங்கு தேவை. இயற்கையை இரசித்தற்காக மட்டுமன்றி, உயிர் வாழ்தற்கும் உரிமை கோருதற்கும் உரிய அறிவாகச் சுற்றாடற் கல்வி இங்கு அமைதல் வேண்டும்.

இத்தகைய பயிற்சிக்கு மூன்று நிபந்தனைகள் இன்றியமையாதவை. முதலாவது, காலம். மேலைநாட்டுக் கோடை விடுமுறை நமக்கில்லை. ஆனால், சாதாரண தரப் பரீட்சை எழுதியபின் பெறுபேற்றுக்குக் காத்திருக்கும் மாதங்கள் உள்ளன. மலையகப் பிள்ளைகள் பலர் கொழும்புக் கடைகளுக்கு வேலைதேடிச் சென்று கல்விக்குத் திரும்பாதொழியும் காலமும் அதுவே. உதவிப்பணத்துடன் கூடிய பயிற்சி அவ்விடைவெளிக்குப் பாலமாகலாம். 2021இல் வேலைக்கமர்த்தும் குறைந்த வயது பதினான்கிலிருந்து பதினாறாக உயர்த்தப்பட்டமையும் இங்கு நினைக்கத்தக்கது. இரண்டாவது, பயன். மாணவர் செய்யும் எப்பணியும் தோட்டத்தின் உற்பத்திக் கணக்கிற் சேர்தல் ஆகாது. அவர்கள் அளக்கும் மழையும் வரையும் சரிவுப் படமும் அவர்தம் குடியிருப்புக்கே உரியனவாதல் வேண்டும். மூன்றாவது, ஆசிரியர். தாவரவியலாளரோடு, நாற்பதாண்டு கொழுந்தெடுத்த மூதாட்டியும் கான் வெட்டிய முதியவரும் ஆசிரியராக அமர்தல் வேண்டும். செக்றோலில் வெறும் பேராக எண்ணப்பட்டோரின் அறிவு, பேரக்குழந்தைகளின் குறிப்பேட்டிலேனும் அவர்தம் பெயரோடு இடம்பெறட்டும்.

பாடசாலைகளில் இயங்கும் சுற்றாடல் முன்னோடிப் படையணிகள் இதற்கு ஒரு தொடக்கமாக உதவலாம். அயலிலுள்ள பேராதனைப் பல்கலைக்கழக மாணவரும் விடுமுறையிற் சில வாரங்களை இதற்கு ஈதல் அரிதன்று. அவருட் பலர் அதே லயன்களிலிருந்து வந்தோரன்றோ?

சொற்கள் வாழ்க்கையைப் பின்பற்றியே பொருள் மாறுகின்றன. 'பிள்ளை மலைக்குப் போயிருக்கிறாள்' என்று ஒரு தாய் கூற, அயல்வீட்டார் 'என்ன படிக்க?' என்று வினவும் நாள் வருமாயின், அன்றே இவ்வரலாற்றின் ஓர் அத்தியாயம் முற்றுப்பெற்றதாகக் கொள்ளலாம்.