பாரிஸ் வெட்டும் சுடிதார் வெட்டும்

லாஸ்பேட்டையில் பிளவுஸ் தைக்கக் கொடுத்தால் டெய்லர் கேட்கும் கேள்விகளில் ஒன்று, "சாதா கட்டிங்கா, கிராஸ் கட்டிங்கா?" என்பது. கிராஸ் என்றால் துணியைக் கோணலாகப் போட்டு வெட்டுவது. பாவு நூலை இழுத்தால் நீளாது, ஊடையும் அப்படித்தான். ஆனால் மூலைக்கு மூலை இழுத்துப் பாருங்கள், ரப்பர் மாதிரி நீளும்! அதனால்தான் கிராஸ் பிளவுஸ் உடம்போடு ஒட்டி நிற்கிறது.

ஃபேஷன் வரலாற்றில் இந்த வெட்டுக்கு ஒரு பெயரைத்தான் பெரிதாகச் சொல்வார்கள்: மதலின் வியோனே. 1876ல் பிரான்சில் பிறந்தவர். சிறுமியாகவே தையல் வேலைக்குப் போனவர். 1912ல் பாரிஸில் சொந்தக் கடை திறந்தார். இவர் காகிதத்தில் படம் வரைந்து டிசைன் செய்யவில்லை. ஒரு சிறிய மரப் பொம்மையின் மேல் துணியைச் சுற்றுவார், திருப்புவார், குறுக்கே தொங்க விடுவார். துணி எப்படி விழுகிறதோ அதுதான் உடையின் வடிவம். பழைய கிரேக்கர்களின் தைக்காத உடையும் ஜப்பானியரின் கிமோனோவும்தான் அவருக்குப் பாடப்புத்தகம். சாதாரண அகலத் துணி கோணலாக வெட்டப் போதாது என்று அகலமான கிரேப் துணியைத் தனியாக நெய்யச் சொல்லி வாங்கினார். மற்றவர்கள் காப்பி அடிக்கிறார்கள் என்று உடையின் லேபிளில் தன் கட்டைவிரல் ரேகையைப் பதித்தார் (அந்தக் காலத்துக் காப்பிரைட்!). 1939ல் கடை மூடப்பட்டது.

பின்னால் பெட்டி கிர்க் என்ற அமெரிக்கப் பெண்மணி அந்த உடைகளின் பேட்டர்ன்களைப் பல வருடம் ஆராய்ந்து எழுதிய புத்தகம் முதலில் 1991ல் ஜப்பானில்தான் வெளியானது. விரித்துப் பார்த்தால் பல உடைகள் வெறும் சதுரம், முக்கோணம், வட்டம்! இன்றும் ஃபேஷன் மாணவர்கள் புது யோசனைக்கு அந்தப் பக்கங்களைத்தான் புரட்டுகிறார்கள்.

நல்லதுதான். ஆனால் வியோனேயை கிராஸ் வெட்டைக் "கண்டுபிடித்தவர்" என்று சிலர் எழுதுவதுதான் இடிக்கிறது. நம் சுடிதார் என்ன செய்தது?

இங்கே முழு செட்டையும் சுடிதார் என்கிறோம். உண்மையில் கணுக்காலில் வளையல் அடுக்கியது போல் சுருக்கம் விழும் பேன்ட்டுக்குத்தான் அந்தப் பெயர். இந்தியில் சூடி என்றால் வளையல். வடக்கே அதற்கு ஆடா பைஜாமா என்றும் ஒரு பெயர் உண்டு, ஆடா என்றால் குறுக்கு. துணியை மடித்து ஓரங்களைத் தைத்து முதலில் ஒரு பை செய்வார்கள். பிறகு தையல் சாய்வாக ஓடும்படி பையைத் திருப்பிப் போட்டு, அதிலிருந்து கால்களை வெட்டுவார்கள். கோணலாக வெட்டினால் துணி நிறைய வீணாகும் என்பது எல்லோருக்கும் தெரிந்த தொல்லை. இந்தப் பை அதைப் பெரும்பாலும் தீர்த்துவிடுகிறது. எலாஸ்டிக் நூல் இல்லாத காலத்தில் இறுக்கமான காலில் உட்கார்ந்து எழ முடிந்தது இதனால்தான். இதை யோசித்தவர் யார்? லேபிள் இல்லை, ரேகையும் இல்லை.

இன்னொரு பக்கம், குறுக்கே வெட்டவே தேவையில்லாத உடைகள் இருந்தன. கனடாவின் ராயல் ஒன்டாரியோ மியூசியத்தில் இருந்த டோரதி பர்ன்ஹம் 1973ல் ஒரு சின்னப் புத்தகம் எழுதினார். பழைய சட்டைகளின் வடிவத்தை முடிவு செய்தது தறியின் அகலம்தான் என்று அதில் வரைபடம் போட்டுக் காட்டினார்.

இதற்குப் புதுச்சேரியே சாட்சி. லாஸ்பேட்டைக்குப் பெயர் தந்தவர் என்று சொல்லப்படும் லா தெ லொரிஸ்தோன், 1765ல் இடிந்து கிடந்த ஊரை ஆங்கிலேயரிடமிருந்து திரும்பப் பெற்ற பிரெஞ்சு கவர்னர். இந்தப் பகுதியில் அவுரிச் சாயம் தோய்த்த "கினே" என்ற நீலத்துணியைப் பிரெஞ்சு வியாபாரிகள் வாங்கி மேற்கு ஆப்பிரிக்காவின் செனகலுக்கு அனுப்பினார்கள். அங்கே அது பணம் போலவே புழங்கியது. துணி கொடுத்து கருவேல இனத்துப் பிசினை வாங்கினார்கள். அந்தப் பிசின் ஐரோப்பாவின் துணி அச்சடிப்புக்குப் போனது (துணி கொடுத்து, துணிக்கான சரக்கு!). நீலத்துணியோ அங்கே பூபூ என்ற பெரிய அங்கி ஆனது. அதன் பேட்டர்ன் இவ்வளவுதான்: துணியைத் தோளில் மடி, கழுத்துக்கு ஒரு துளை வெட்டு, பக்கங்களைக் கொஞ்சம் தை. கத்தரிக்கு வேலை கழுத்தில் மட்டும்.