மது சேராத பினா கொலாடா

பினா கொலாடா என்பது அன்னாசிப் பழச்சாறு, தேங்காய்ப்பால், சர்க்கரை ஆகியவற்றைப் பனிக்கட்டியுடன் சேர்த்து அடித்துத் தயாரிக்கப்படும் குளிர்பானம் ஆகும். இது கரீபியக் கடலில் உள்ள புவேர்ட்டோ ரிக்கோ தீவின் அடையாளப் பானம். இதில் ரம் என்னும் மதுவைக் கலந்து பருகுவதே உலகெங்கும் அறியப்பட்ட வழக்கம். ரம் சேர்க்காத வகை உணவகப் பட்டியல்களில் 'வெர்ஜின் பினா கொலாடா' எனக் குறிக்கப்படுகிறது. மது சேர்ந்ததே மூலம், சேராதது அதன் குறைபட்ட நகல் என்று பலரும் கருதுகின்றனர். பானத்தின் பெயரையும் அதில் சேரும் பொருள்களின் வரலாற்றையும் ஆராய்ந்தால் இக்கருத்து சரியன்று என்பது விளங்கும்.

பெயரின் பொருள்

ஸ்பானிய மொழியில் 'பீன்யா' என்றால் அன்னாசி. 'கொலாடா' என்றால் வடிகட்டப்பட்டது. ஆகவே பெயரின் நேர்ப்பொருள் 'வடிகட்டிய அன்னாசி' என்பதே. பெயரில் ரம்மும் இல்லை, தேங்காயும் இல்லை. கியூபாவின் ஹவானா நகரில் வடிகட்டிய அன்னாசிச் சாறு இப்பெயரில் வழங்கிவந்தது. 1922இல் வெளிவந்த அமெரிக்கப் பயண இதழ் ஒன்று, அன்னாசிச் சாறு, பனிக்கட்டி, சர்க்கரை, எலுமிச்சை, ரம் ஆகியவற்றின் கலவையை இதே பெயரால் விவரிக்கிறது. அதிலும் தேங்காய் இல்லை. முதலில் சாறு, பிறகு ரம், கடைசியில் தேங்காய் என்பதே இப்பானம் வளர்ந்த வரிசை.

மூன்று பயிர்களின் பயணம்

இப்பானத்தின் மூன்று முக்கியப் பொருள்களில் அன்னாசி மட்டுமே அமெரிக்கப் பகுதிக்கு உரியது. தென்னமெரிக்காவில் தோன்றிய அது, ஐரோப்பியர் வருவதற்கு முன்பே கரீபியத் தீவுகளில் பயிரிடப்பட்டது. 1493இல் கொலம்பஸும் அவருடன் வந்தவர்களும் குவாதலூப் தீவில் அதை முதன்முதலாகக் கண்டனர். 16ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் அதை இந்தியாவுக்குக் கொண்டுவந்தனர். நாம் வழங்கும் 'அன்னாசி' என்ற சொல், போர்த்துக்கீசிய 'அனனாஸ்' வழியாக, தென்னமெரிக்கப் பழங்குடியினரின் துப்பி மொழியிலிருந்து வந்தது. மலையாளத்தில் இதன் பெயர் 'கைதச்சக்கை'. கைத என்பது தாழை, சக்கை என்பது பலா. புதிய பழத்தைத் தமக்குத் தெரிந்த இரண்டைக் கொண்டு மக்கள் பெயரிட்டு அழைத்ததற்கு இது நல்ல சான்று.

தென்னை இதற்கு எதிர்த்திசையில் பயணம் செய்தது. கரீபியத் தீவுகளின் கடற்கரைகளில் இன்று காணப்படும் தென்னை மரங்கள் கொலம்பஸின் காலத்தில் அங்கே இல்லை. போர்த்துக்கீசியர் இந்தியப் பெருங்கடல் பகுதியிலிருந்து தென்னையை ஆப்பிரிக்காவின் மேற்கே உள்ள கேப் வெர்டே தீவுகளுக்குக் கொண்டுசென்றனர். அங்கிருந்து 16ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அது புவேர்ட்டோ ரிக்கோவை அடைந்தது. 2011இல் வெளியான மரபணு ஆய்வு ஒன்று, உலகத் தென்னைகளைப் பசிபிக் வகை, இந்தியப் பெருங்கடல் வகை என இரு பெரும் பிரிவுகளாகப் பிரித்தது. கரீபியத் தென்னைகள் இரண்டாம் பிரிவைச் சேர்ந்தவை. தென்னிந்தியா, இலங்கை, மாலத்தீவு, இலட்சத்தீவு ஆகியவை அப்பிரிவின் தாயகமாகக் கருதப்படுகின்றன.

மூன்றாவது பயிர் கரும்பு. நியூ கினியாவில் பயிராக்கப்பட்டு, இந்தியாவில் சர்க்கரையாகக் காய்ச்சப்பட்டு, மத்தியதரைக் கடல் நாடுகளின் வழியே சென்ற கரும்பை, கொலம்பஸ் 1493இல் தம் இரண்டாம் பயணத்தின்போது கரீபியத் தீவுகளுக்கு எடுத்துச்சென்றார். ஆப்பிரிக்காவிலிருந்து கடத்திவரப்பட்டு அடிமைகளாக்கப்பட்ட மக்களின் உழைப்பால் அங்கே கரும்புத் தோட்டங்கள் பெருகின. சர்க்கரை ஆலையில் மிஞ்சும் கழிவுப்பாகிலிருந்து 17ஆம் நூற்றாண்டில் ரம் வடிக்கும் தொழில் வளர்ந்தது. புவேர்ட்டோ ரிக்கோவில் அடிமை முறை 1873 மார்ச் 22 அன்றுதான் ஒழிக்கப்பட்டது. அதன் பின்னும் விடுதலை பெற்றவர்கள் மேலும் மூன்று ஆண்டுகள் ஒப்பந்த அடிப்படையில் வேலை செய்யவேண்டும் என விதிக்கப்பட்டது. விருந்தில் வைக்கும் இனிப்பான குவளைக்குப் பின்னால் இந்தக் கசப்பான வரலாறும் உண்டு என்பதை மாணவர்கள் அறிந்திருப்பது நல்லது.

தேங்காயும் புட்டியும்

ரம்முக்குப் பெயர்பெற்ற இத்தீவில் மதுவிலக்கும் நடைமுறையில் இருந்திருக்கிறது. அமெரிக்க ஆட்சியின் கீழ் 1917இல் மதுவிலக்கு பற்றிப் பொது வாக்கெடுப்பு நடந்தது. எழுத்தறிவு இல்லாதவர்களும் வாக்களிக்க வசதியாகச் சின்னங்கள் வழங்கப்பட்டன. மதுவிலக்குக்குத் தேங்காய், மதுவுக்குப் புட்டி. தேங்காயே வென்றது. 1918இல் நடைமுறைக்கு வந்த தடை 1930களின் முற்பகுதி வரை நீடித்தது. தேங்காயும் ரம்மும் பிரிக்க முடியாதவை என்று இன்று விளம்பரங்கள் காட்டும் அதே தீவில், ஒரு காலத்தில் அவை எதிரெதிர்ச் சின்னங்களாக நின்றன.

இன்றைய வடிவம்

தேங்காயைத் துருவி, பிழிந்து, கெட்டிப்பால் எடுப்பது எவ்வளவு வேலை என்பது நம் வீடுகளில் எல்லோருக்கும் தெரியும். 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், புவேர்ட்டோ ரிக்கோ பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ராமோன் லோபெஸ் இரிசாரி இதை இயந்திரத்தின் உதவியால் செய்யும் முறையை உருவாக்கினார். கெட்டிப்பாலில் சர்க்கரை சேர்த்து அவர் தயாரித்த கூழ் 'கோகோ லோபெஸ்' என்ற பெயரில் டப்பாக்களில் விற்பனைக்கு வந்தது. பனிக்கட்டியோடு சேர்த்து அடிக்கும் மின்கலவையை இசைக்குழுத் தலைவர் ஃபிரெட் வேரிங் 1937லேயே அமெரிக்கச் சந்தைக்குக் கொண்டுவந்திருந்தார். இவ்விரண்டும் இணைந்ததில் நுரை ததும்பும் இன்றைய பானம் பிறந்தது.

அதை முதலில் தயாரித்தவர் யார் என்பதில் போட்டி உண்டு. தலைநகர் சான் ஹுவானின் கரீபே ஹில்டன் விடுதியில் பணிபுரிந்த ராமோன் மரேரோ 1954இல் உருவாக்கினார் என்பது ஒரு கூற்று. 1963இல் ராமோன் போர்ட்டாஸ் மிங்கோட் உருவாக்கினார் என்று அதே நகரின் பராச்சினா உணவகம் கல்வெட்டே பதித்திருக்கிறது. 1825இல் மரண தண்டனை பெற்ற ரொபெர்த்தோ கோஃப்ரெசி என்ற கடற்கொள்ளையர் தம் ஆட்களுக்கு இதைக் கொடுத்தார் என்ற கதையும் உலவுகிறது. அதற்குச் சான்று இல்லை. 1978இல் புவேர்ட்டோ ரிக்கோ இதைத் தன் அதிகாரப்பூர்வப் பானமாக அறிவித்தது.

வீட்டில் தயாரிக்கும் முறை

ஆறு பேருக்கு நடுத்தர அளவுள்ள பழுத்த அன்னாசி ஒன்று, ஒரு தேங்காயின் முதற்பால், ஐந்து மேசைக்கரண்டி சர்க்கரை, அரை எலுமிச்சையின் சாறு, ஒரு சிட்டிகை உப்பு, மூன்று கோப்பை பனிக்கட்டித் துண்டுகள் போதும். தோலும் நடுத்தண்டும் நீக்கிய அன்னாசியை மிக்சியில் அரைத்து வடிகட்டவேண்டும். பெயருக்கு உரிய படி இதுதான். பிறகு தேங்காய்ப்பால், சர்க்கரை, எலுமிச்சைச் சாறு, உப்பு, பனிக்கட்டி சேர்த்து மீண்டும் அடிக்கவேண்டும்.

இதில் கவனிக்க வேண்டியவை மூன்று. முதலாவது, பச்சை அன்னாசியில் உள்ள புரோமலின் என்னும் நொதி புரதத்தைச் சிதைக்கும். பசும்பாலோ ஐஸ்கிரீமோ சேர்த்து வைத்திருந்தால் கசப்பு ஏறும். புரதம் குறைந்த தேங்காய்ப்பாலில் இத்தொல்லை குறைவு. இரண்டாவது, அன்னாசியின் புளிப்பால் தேங்காய்ப்பால் திரிந்து பிரியும். ஆகவே விருந்தினர் வந்த பிறகே கலக்கவேண்டும். மூன்றாவது, தேங்காய்ப்பால் வெயிலில் விரைவில் கெடும். முன்கூட்டியே பிழிந்தால் குளிர்பெட்டியில் வைக்கவேண்டும். குளிரில் கொழுப்பு உறைந்து மேலே கட்டினால் அது கெட்டதன் அறிகுறி அன்று, அடித்தால் கரைந்துவிடும்.

குழந்தைகள், முதியோர், கர்ப்பிணிகள், மது அருந்தாதோர் என யாவரும் கூடும் வீட்டு விருந்தில் இப்பானத்தை எல்லோருக்கும் ஒரே குவளையாக வழங்கலாம். ரம் சேர்க்காததால் அதற்குப் புதிய பெயர் தேவையில்லை. 'வடிகட்டிய அன்னாசி' என்ற பெயருக்கு முழுவதும் பொருந்துவது அதுவே.